எழுந்து நின்று சொல்லும் நன்றி

மெத்தைத் தொழிற்சாலையில் அவளுக்கு ஊசி என்று பட்டப்பெயர். மெத்தை ஓரம் தைக்கிற வேலை. மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை அதிகம் பேசினால் இவள் இரண்டாகத் திருப்பித் தருவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் வாயடைத்துப் போகும். நன்றி நாள்! ஊரே கடையடைத்துவிட்டு உறவோடு உட்கார்ந்து சாப்பிடுகிற விடுமுறை.

அன்றைக்கு விருந்து, கணவனுடைய அண்ணன் வீட்டில். முன்பொரு பெருமழையில் இவர்கள் வீட்டுக் கூரை விழுந்தபோது அவர்தான் தன் வீட்டுப் பின்னறையைத் திறந்துவிட்டார். கைக்குழந்தையோடு அந்த மழைக்காலம் முழுக்க அங்கே இருந்தார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் மனுஷர் அதை ஆறவிடவே இல்லை. ஒவ்வொரு நன்றி நாளிலும் சோற்றில் கை வைக்குமுன் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் எழுந்து நின்று, அந்தக் கதையைச் சொல்லி நன்றி கூற வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். ஒரு வரி விட்டுப்போனால் எடுத்தும் கொடுப்பார்!

அவர் மனைவியை அக்கா என்றுதான் ஊசி கூப்பிடுவாள். அக்கா அப்போதெல்லாம் கரண்டியும் கையுமாக ஓரத்தில் நிற்பாள். இந்த வாசல் அடைபட்டால் அக்காவும் இல்லாமல் போய்விடுவாளே என்றுதான் ஊசி இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அண்ணன் பார்வை ஊசியின் மகள் மேல் விழுந்தது.

"பாப்பாவும் வளர்ந்துட்டா. இனிமே அவளும் எந்திரிச்சுச் சொல்லட்டும்."

மகள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ஊசி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். தன் தலை குனிந்தது போதாதா, பெற்ற பிள்ளையின் தலையுமா?

"நீ உக்காருடி."

"என்னம்மா இது? உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் அவர்.

"நினைக்கத்தானே மாமா சொன்னாங்க? நிக்க வச்சு வசூல் பண்ணவா சொன்னாங்க? கேட்டு வாங்கினா அது வாடகை."

கணவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். உதறினாள்.

"விடுங்க! நீங்க கதவைத் திறந்தீங்க மாமா, மறக்கல. ஆனா உள்ள வந்த எங்களைப் பார்த்துக்கிட்டது யாரு? புள்ளைக்குக் காய்ச்சல்னா ராவெல்லாம் மடியில போட்டுக்கிட்டது அக்கா. தன் சோத்தை எனக்கு வச்சுட்டு, பசிக்கலன்னு பொய் சொன்னது அக்கா. இந்த மேசையில அவங்க பேரை ஒருநாளாவது எடுத்திருக்கோமா? என்னையும் சேர்த்துத்தான் கேக்கறேன்."

எழுந்தாள். அக்கா கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, தன் நாற்காலியில் அவளை அழுத்தி உட்கார வைத்தாள்.

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "இந்தத் திமிரோட இனிமே என் வாசலை மிதிக்காதே!"

"சரி மாமா. அக்காவுக்குப் பரிமாறிட்டுப் போறேன்."

அக்காவின் தட்டில் சோறு போட்டாள். அக்கா யாரையும் பார்க்காமல் ஒரு வாய் எடுத்து மென்றாள். அண்ணன் பழக்கதோஷத்தில் மனைவியிடம், "தண்ணி கொண்டா" என்றார்.

"உள்ளதான் இருக்கு, எடுத்துக்குங்க" என்றாள் அக்கா. பிறகு ஊசியைப் பார்த்து, "அடுத்த நன்றி நாளுக்கு உன் வீட்டுக்கு வரேன். இதே மாதிரி உக்காந்து சாப்பிடணும்" என்றாள்.