கோதாவரிக்குக் கிளம்பிய சைக்கிள்

அறுபதுகளில் தாராவியில் நான் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தபோது, தோல் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் ஞாயிறு தவறாமல் வருவார். தலை முழுக்க நரை. சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்துபோன விரல்கள். பேசத் தொடங்குமுன் பின் டயரை ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொள்வார்.

நாசிக்கிலிருந்து கோதாவரிக் கரையோடு கடல் வரைக்கும் சைக்கிளில் போகப்போகிறாராம். நாசிக்கில் குளிக்கப் போன கூட்டத்தில் அவர் மகள் கை நழுவித் தொலைந்துபோனாளாம்.

எனக்கு எரிச்சல். "ரயில்ல போகாம எதுக்கு அண்ணாச்சி இப்படிச் சாவுதிய?"

"ரயிலு ஆத்த விட்டு வெலகிப் போயிருமே தம்பி. நான் படித்துறைக்குப் படித்துறை எறங்கிக் கேக்கணும்லா?"

கடைசியாக வந்த அன்று, முன்பாரில் குழந்தை உட்காரும் சின்ன சீட்டு ஒன்றை மாட்டச் சொன்னார். திரும்பி வரும்போது பிள்ளை உட்கார வேண்டுமே என்றார். நட்டை முடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"பிள்ள எப்பத் தொலைஞ்சா அண்ணாச்சி?"

"நான் பம்பாய்க்கு வந்த புதுசுல. அப்ப வெள்ளக்காரன்லா ஆண்டுக்கிட்டு இருந்தான்."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் குனிந்து சீட்டை ஆட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு தம்பி. தூங்கி விழுந்திருவா."

இறுக்கினேன்.