லேசான வேலை

என் மனைவி அஞ்சலையின் வலது பாதத்தில் புண் இருப்பதை முதலில் பார்த்தவன் நான்தான். 2005 கோடை. மரக்காணம் உப்பளத்தில் கூடையை இறக்கிவிட்டு வரப்பில் நடந்தவளின் அடிக்கு அடி ரத்தம். "வலிக்கலையா?" என்றேன். "எங்கங்க?" என்று திரும்பிப் பார்த்தாள்.

சர்க்கரை நோயால் நியூரோபதி (நரம்பு மரத்து உணர்வு போவது) என்றார் புதுச்சேரி டாக்டர். தினமும் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றினோம். இரண்டு மாதத்தில் தோல் மூடியது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவள் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வேலைக்குப் போலாங்களா சார்?" என்று டாக்டரிடம் அவளே கேட்டாள்.

"போலாம்மா. பாரம் தூக்கக் கூடாது. லேசான வேலையா பாத்துக்குங்க."

அந்த அளத்தில் நான்தான் மேஸ்திரி. யாருக்கு என்ன வேலை என்று இருபது வருஷமாகச் சொல்லி வந்தவன். எங்களுக்குக் கூடை சுமப்பது கஷ்டம், பாத்தியில் நின்று உப்பை வாரிச் சேர்ப்பது லேசு. இடுப்பு நோவுக்காரர்களுக்கும் பிள்ளை பெற்று வந்தவர்களுக்கும் அதைத்தான் கொடுப்போம். அவளுக்கும் கொடுத்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாத்தி என்றால் பாதம் முழுகச் சுடும் உப்புத்தண்ணீர், அடியில் குத்தும் உப்பு. வெறுங்காலில்தான் நிற்க வேண்டும். டாக்டர் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் காய்ச்சல். கட்டைவிரல் கறுத்திருந்தது. கேங்கிரீன் (சதை செத்து அழுகுவது) என்றார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

"உப்புத் தண்ணியிலயா நிக்க வச்சீங்க?" என்றார் டாக்டர். தலையை ஆட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் யாராவது வேலைக்குத் திரும்பப் போகிறார்களா? டாக்டரிடம் வேலையின் பேரை மட்டும் சொல்லாதீர்கள். எதில் நிற்பார், எத்தனை மணி நேரம், செருப்பு போட முடியுமா, எல்லாம் சொல்லுங்கள். சுமைதான் ஆபத்து என்று நான் நம்பியதுபோல நம்பிவிடாதீர்கள்.

அஞ்சலை இதுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. மேஸ்திரி வேலையை விட்டுவிட்டேன். உப்பு மாதம், மழை மாதம் என்று போன எங்கள் வருஷம், அவளைத் தூக்கி உட்கார வைக்கும் வேளைகளாகிவிட்டது.

நேற்று சாயங்காலம், "இந்தாங்க, கட்டவிரலு எரியுது" என்றாள். எடுத்துவிட்ட காலில் இப்படி வலி வரும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இருந்தபோது எதுவும் தெரியாத கால் அது. ஒரு சொம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்து, விரல் இருந்திருக்கும் இடத்தில், வெறும் தரையில் மெல்ல ஊற்றினேன்.

"போதுங்க, இப்ப பரவால்ல" என்றாள்.