கடைக்குட்டிக்கு ஒரு காசு

ஆபீசில் அவளைக் காசம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பேர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

கட்டடங்களுக்கு வாடகை வசூல் பண்ணி, கமிஷன் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பங்குக்காரர்களுக்குப் பிரித்து அனுப்புகிற கம்பெனி அது. பிரிக்கிற புரோகிராம் அவள் எழுதியது. ஓடவிட்ட முதல் மாசமே மேனேஜர் வந்து அவள் மேஜையைத் தட்டினார்.

"ஏம்மா, பிரிக்க வேண்டியது பத்தாயிரம். போன பணத்தைக் கூட்டினா ஒரு காசு குறையுது. எங்க போச்சு? உன் மெஷின் முழுங்கிடுச்சா?"

மூன்று பங்குள்ள கட்டடம். பத்தாயிரத்தை மூன்றாகப் போட்டால் ஆளுக்கு மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று, அதற்கு மேல் முப்பத்து மூன்று காசு. அதற்கும் கீழே ஒரு வால் முடிவில்லாமல் நீளும். காசுக்குக் கீழே நாணயம் கிடையாது, வாலை வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டினால் மொத்தத்தில் ஒரு காசு குறைகிறது. வெட்டாமல் மேலே ஏற்றி முழுசாக்கினால் இரண்டு காசு கூடப் போகிறது. எப்படிப் புரட்டினாலும் உதைத்தது.

அந்தக் கட்டடம் அவளுடைய அப்பா விட்டுப்போனது. கீழே சைக்கிள் கடை, மேலே ஒரு டைலர். பங்கு அண்ணனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று.

தம்பி தண்ணி கேன் வண்டி ஓட்டுகிறவன். எப்போது வந்தாலும் தோள்பட்டை நனைந்திருக்கும். அன்றைக்கும் ஈரச் சட்டையோடு வந்து அவள் மூஞ்சியைப் பார்த்தான்.

"யாருக்கா செத்தது?"

சொன்னாள்.

"இதுக்கா இந்த அழுமூஞ்சி? அந்த ஒத்தக் காசை எனக்குப் போடு. கடைக்குட்டி நான்தானே. சட்டியில ஒட்டினது, வழிச்சது, எல்லாம் எனக்குத்தானே வந்துச்சு? இதுவும் வரட்டும்."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவளுக்கு அது சரியாகப் பட்டது. மிஞ்சுகிற காசு, பங்குக்காரர்களில் யார் பிறந்த தேதி கடைசியோ அவருக்கு என்று எழுதிவிட்டாள். எல்லாக் கட்டடத்துக்கும் அதுதான் விதி. கூட்டல் அப்புறம் உதைக்கவே இல்லை.

அதிலிருந்து மாசாமாசம் பணம் விழுந்ததும் அவனிடமிருந்து போன் வரும்.

"அக்கா, உன்னைவிட ஒரு காசு பணக்காரன் பேசறேன். ஏதாவது வேணும்னா கேளு, கூச்சப்படாத."

"வைடா போனை."

வருஷக்கணக்காக இதே பேச்சு. ஒரு தடவைகூட அவளுக்குச் சலிக்கவில்லை.

அவன் கட்டிக்கொண்டவள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். அவனைவிட நாலு வயசு மூத்தவள். அக்காக்காரியைவிடவே ஒரு வயசு கூட. கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை, வீட்டுப்படி மிதிக்கவும் இல்லை. வந்த முதல் நாளே அந்தப் பெண் "அண்ணி" என்று கூப்பிட்டபோது காசம்மாவுக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

"நீங்க என்னைவிடப் பெரியவங்க. பேர் சொல்லியே கூப்பிடுங்க."

"வயசு கிடக்கட்டும் அண்ணி. முறையில நான்தானே சின்னவ?"

அப்புறம் தம்பிக்கு ஈரல் கெட்டது. குடித்துக் கெடுத்துக்கொண்டவன் இல்லை, அப்படியே வந்தது. கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துப் படுத்திருந்தான்.

"அக்கா, என் பங்கு அவளுக்குப் போகணும். அண்ணன் குதிப்பான். நீ விட்டுடாத."

"வாயை மூடு. நீயே வாங்கிக்குவ."

"அந்த ஒத்தக் காசையும் சேர்த்துத்தான் சொல்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "பங்கு சட்டப்படி வரும். காசு, நீ போட்டாத்தான் வரும்."

சிரிக்கிறானா என்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

அந்த வாரமே போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இனிமே ரெண்டாப் போட்டுடு. ஆளுக்கு அஞ்சாயிரம், முழுசா வரும். உன் காசுத் தொல்லையும் ஒழிஞ்சுது. அவளுக்குப் புள்ளையா குட்டியா? கையெழுத்துக் கேட்டா போட்டுடுவா."

"மூணாத்தான்ணே வரும்."

"அவ யாரு நமக்கு?"

"தம்பி பொண்டாட்டி."

"தம்பிதான் எங்க இரு..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். தான் சொல்ல வந்தது தன் காதிலேயே விழுந்துவிட்டது போல. துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். முதுகு குலுங்கியது. அவள் பக்கத்தில் போகவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

"மூணாவே போடு," என்றார் போகும்போது. செருப்பை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஆபீசில் தம்பியின் பேரை எடுத்துவிட்டு அவன் பெண்டாட்டி பேரையும் பிறந்த தேதியையும் போட்டாள். ஒத்திகைக்கு ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள். மூன்று வரி வந்தது. ஒரு வரியில் மட்டும் முப்பத்து நாலு காசு.

அது காசம்மாவுடைய வரி.

மெஷின்மேல் தப்பில்லை. அவள் சொன்னதைத்தான் செய்தது. அவன் இல்லை, அவன் பெண்டாட்டி வயசில் மூத்தவள். மூன்று பேரில் கடைசியாகப் பிறந்தவள் இப்போது இவள்தான். தம்பி பிறக்கிறவரைக்கும் இவள்தான் வீட்டுக் கடைக்குட்டி. அவனைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு, "இவனைத் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க" என்று புரண்டு அழுதவள். அன்றைக்குப் போன இடம் இன்றைக்குத் திரும்பி வந்திருந்தது.

சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். மேனேஜர் பார்த்துவிட்டார்.

"மறுபடியும் காசு உதைக்குதா?"

"கூட்டல் சரியா வருது சார். விதிதான் தப்பு. வயசைப் பாருன்னு எழுதிட்டேன். முறையைப் பார்க்கணும்."

"மெஷினுக்கு முறை தெரியுமா?"

"தெரியாது. பேர் சேர்ந்த தேதி தெரியும்."

அவர் தன் இடத்துக்குப் போனார். மிஞ்சுகிற காசு, கடைசியாக வந்து சேர்ந்தவருக்கு. எல்லாரும் ஒரே நாளில் சேர்ந்திருந்தால் மட்டும் வயசு என்று மாற்றினாள். மற்ற கட்டடக்காரர்கள் எல்லாம் ஒன்றாகப் பதிந்தவர்கள்தான், அவர்கள் காசு ஒன்றும் இடம் மாறவில்லை. இவள் வீட்டுக் காசு மட்டும் மூன்றாவது வரிக்குப் போனது.

பணம் விழுந்த அன்று போன் வந்தது. அந்தப் பக்கம் துணி வெளுக்கிற மெஷினின் இரைச்சல்.

"அண்ணி, வந்துடுச்சு. கடைசியில முப்பத்து நாலு காசுன்னு இருக்கு. உங்களுக்கு எவ்வளவு?"

"முப்பத்து மூணு."

அவன் போன் பண்ணும்போதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டவள்தானே அவள்.

"அப்போ அண்ணி... உங்களைவிட நான் ஒரு காசு..." அதற்கு மேல் வரவில்லை.

"ஆமா," என்றாள் காசம்மா. "ஏதாவது வேணும்னா கேக்கறேன். கூச்சப்பட மாட்டேன்."

இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சுக்கு 'வைடா போனை' தவிர அவள் சொன்ன முதல் பதில் அதுதான். காதால் கேட்க வேண்டிய தம்பிக்கு அதைச் சொன்னதே இல்லை.