மூன்று சுருளும் சமம்

எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றுவதில் 'காயில் அக்கா' என்று எல்லாரும் கூப்பிடும் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. சுற்றுவது அவள், கம்பி வாங்கி வருவது அவள் தம்பி. பன்னிரண்டு வருடமாக அப்படித்தான்.

ரொட்டிக்கடைக்காரரின் மாவு பிசையும் மோட்டார் இரண்டாவது முறையாகக் கருகி வந்தது.

"என்னம்மா, உன் கை பட்டா பத்து வருஷம் ஓடும்னாங்க. எனக்கு மட்டும் ராசி இல்லையா? போன தடவை மாவு அதிகம்னீங்க. மாவு கொட்டுற ஆளையே நிறுத்திட்டேன்."

அவள் வாயைத் திறக்குமுன் தம்பி முந்திக்கொண்டான். "புது ஆளும் மலை மாதிரி கொட்டினா மோட்டார் என்னண்ணே பண்ணும்?"

அவளும் தலையாட்டினாள். மோட்டாருக்குள் மூன்று சுருள். சுற்றி முடித்ததும் மீட்டர் வைத்து மூன்றின் மின்தடையையும் ஒப்பிடுவாள். ஒன்றுபோல் காட்டினால் வேலை சுத்தம். போன தடவை சுற்றியபோது இதிலும் மூன்றும் ஒன்றுபோல் மூன்று புள்ளி மூன்று ஓம் காட்டியிருந்தன.

அவர் போனபின், எத்தனை சுற்று என்று பார்க்கப் பழைய நோட்டைப் புரட்டினாள். ஆறு வருடத்துக்கு முன் இதே மாதிரி வேறொரு மோட்டார், அதே தடிமன் கம்பி, அதே சுற்று. பக்கத்தில் அவள் கையெழுத்தில்: இரண்டு புள்ளி ஒன்று ஓம்.

நீளம் மாறவில்லை, தடிமன் மாறவில்லை. அப்படியானால் மாறியது உலோகம்தான். செம்பைவிட அலுமினியத்துக்குத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல்; சூடும் அதற்கேற்ப ஏறும். மூன்று சுருளும் ஒரே உருளைக் கம்பி. மூன்றும் சேர்ந்து பொய் சொன்னால் ஒப்பிட்டு என்ன தெரியும்?

உருளையில் ஒரு முழம் வெட்டி பிளேடால் அழுத்திச் சுரண்டினாள். சிவப்புத் தோல் உரிந்தது. உள்ளே வெள்ளை.

"இது செம்பாடா?"

தம்பி கம்பியைப் பார்த்தான், பிறகு வாசலைப் பார்த்தான். "எல்லாரும் இதைத்தான் போடறாங்கக்கா. நீயும் அளந்து பாத்துதானே விட்ட?"

"சுருளைத்தான் அளந்தேன். நீ வாங்கிட்டு வந்த கம்பியை எதுக்குடா அளக்கப்போறேன்?"

அவள் ரொட்டிக்கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, மாவு மேல குத்தமில்ல. கம்பி சரியில்ல. தப்பு என்னோடது, நல்ல கம்பியில திரும்பச் சுத்தித் தரேன். அந்தப் பழைய ஆளைக் கூப்பிட்டுக்குங்க."

"அவர் ஊரை விட்டே போயிட்டாரும்மா," என்றார் அவர்.

தம்பியின் பெயரை அவள் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தான், தப்பித்த முகத்தோடு. அந்த முகத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.