தைல இலை பறிக்கப் போன நாட்கள்

எங்கள் வீட்டில் தடுமன் பிடித்தால் கிளினிக் என்பது இரண்டாவது யோசனைதான். முதலில் தைல இலை. யூகலிப்டஸ் இலையைச் சட்டித் தண்ணீரில் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, போர்வையை மூடிக்கொண்டு வேது பிடிக்க வேண்டும். மூக்கு திறந்து, கண்ணில் நீர் கொட்டி, வெந்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெளியே வருவோம். ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த காலத்திலிருந்தே இதுதான் எங்கள் குடும்ப வைத்தியம்.

கொரோனா வந்து எல்லையை மூடியபோது, தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்த அப்பா சிங்கப்பூரிலேயே மாட்டிக்கொண்டார். எல்லைக்கு இந்தப் பக்கம், செடெனாக் வீட்டில் அம்மா, நான், மூச்சிழுப்பு உள்ள தம்பி, இவ்வளவுதான். ஒருநாள் காலை அம்மாவுக்குக் காய்ச்சலும் இருமலும் தொடங்கின. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

“என்னைக் கொண்டுபோய் அடைச்சிட்டா உங்களை யாரு பாக்கறது? அப்பாகிட்ட வாயத் தொறந்தே, தோலை உரிச்சிடுவேன். வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவாரு” என்றார்.

எங்கள் தாமான் வீடுகளுக்குப் பின்னால் திடலோரம் தைல மரங்கள் வரிசையாக நிற்கும். பை நிறையப் பறித்து வந்து கொடுத்தேன். வேது பிடித்து முடித்த அம்மா, கதவிடுக்கு வழியாகவே பேசினார்.

“என்னா இலைலா இது? வாசமே இல்ல. அந்தக் கடைசி மரத்துல பறிச்சிக்கிட்டு வா. தம்பியையும் கூட்டிட்டுப் போ. மெதுவா வந்தா போதும்.”

எனக்கோ அந்த நெடியில் மூக்கு எரிந்தது. வீடே மணக்கும்போது வாசமில்லை என்றால் என்ன அர்த்தம்? ஆனால் அம்மா சொன்னால் சொன்னதுதான். கடைசி மரத்து இலையும் சரியில்லையாம். கொழுந்து கேட்டார். கொழுந்தைக் கொடுத்தால் முற்றிய இலை கேட்டார். ஒவ்வொரு தடவையும் தம்பியும் கூடவே வந்தாக வேண்டும். இழுப்பு உள்ள பையனை எதற்கு வெயிலில் அலைய வைக்க வேண்டும்? கேட்டால் “காத்து படட்டும் அவனுக்கு” என்பார். அவருடைய அறைக் கதவு மட்டும் திறக்காது. வேது பிடித்த உடம்பில் காற்றுப் படக்கூடாதாம். நான் அவித்த மீ நூடுல்ஸை வாசலில் வைத்துவிட்டு விலகிவிட வேண்டும்.

இருமல் சத்தம் கதவைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. நல்ல இலை எது என்று பார்த்துப் பறிக்கத் தெரியாத தத்தி நான், என்னால்தான் அம்மா செத்துப்போகப் போகிறார் என்று நம்பினேன். ஐயோ, அந்தப் பயம்! தம்பியோ மரத்தடியில் எறும்பு பிடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தான். அவனை ஒரு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

சில நாள் கழித்து அப்பா போனில் அம்மாவைக் கேட்டார். துணி காயப்போடுகிறார் என்றேன். வெளியே மழை கொட்டும் சத்தம் அவருக்கே கேட்டிருக்கும். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“நல்ல இலையே கெடைக்கலப்பா. எதைக் கொடுத்தாலும் வாசமே இல்லங்கறாங்க” என்று ஓவென்று அழுதேன்.

“அம்மாவுக்கா வாசம் தெரியல?” என்று அப்பா கேட்டார்.

“அலமாக், கடவுளே... தம்பிய கூட்டிக்கிட்டு வாசல் அஞ்சடிக்குப் போம்மா. உள்ள இருக்காதீங்க. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் அடிக்கிறேன்.”

அம்மாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பும்வரை பக்கத்து வீட்டு மலாய் அம்மாதான் வேலிக்கு மேலாக எங்களுக்குச் சோறு நீட்டினார். எனக்கும் தம்பிக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தார்கள். ஒன்றுமில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. நாளெல்லாம் தைல இலையைத் தொட்ட கை அல்லவா, கிருமி நெருங்குமா? கூட்டாளிகளிடமெல்லாம் அளந்துவிட்டேன். துரும்பாக இளைத்து வீட்டுக்கு வந்த அம்மாவிடமும் அளந்தேன்.

“ஆமாண்டி, இலைதான் காப்பாத்துச்சி” என்று அவரும் தலையாட்டினார்.

முதல் தடவை போர்வைக்குள் குனிந்து வாசம் தெரியாமல் போனபோதே, இது கொரோனாதான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இலையில் ஒரு குறையும் இல்லை. தன் மூச்சு படாமல் எங்களை வெளியிலேயே வைத்திருக்க, முக்கியமாகத் தம்பியை வைத்திருக்க, அவருக்குக் கிடைத்த சாக்கு அந்த மரங்கள்தான். இதெல்லாம் எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. அப்போது எனக்கு இருந்த மனக்குறை வேறு. அத்தனை அலைந்து பறித்துக் கொடுத்தும், ஒரு தடவைகூட நல்ல இலை என்று அம்மா சொல்லவில்லையே என்பதுதான்.