பெட்டியில் இருக்கிற சாவி

கட்டி முடித்த அட்டைப்பெட்டியின் சணலை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார் இஞ்ஞாசியம்மாள். கட்டியவர்களுக்கு வயிறு எரியும். அவர் சட்டை செய்வதில்லை. பேகம்பூரில் அப்துல் கையூம் பாயின் பூட்டுப் பட்டறையில், வெளியூருக்குப் புறப்படும் பூட்டுகளைக் கடைசியாகச் சோதிக்கிற வேலை அவருடையது. பத்துப் பெட்டிக்கு ஒன்றைப் பிரிப்பார். உள்ளே கிடக்கும் சாவியாலேயே மூன்று தடவை பூட்டித் திறப்பார், கண்ணை மூடிக்கொண்டு. வாங்குகிறவர் இருட்டிய பிறகுதானே வீடு திரும்புவார் என்பது அவர் கட்சி.

பட்டறையிலேயே திறந்து பார்த்தாயிற்றே என்று பாய் அலுத்துக்கொள்வார்.

"அங்க தொறந்தது உங்களுக்கு பாய். பொட்டியில இருக்கிறதுதான் வாங்குறவுகளுக்கு."

போன மாதம் ஆயக்குடிப் பக்கம் புதிதாகத் திறக்கிற பள்ளிக்கூட விடுதிக்கு, பெட்டிக்கு ஒன்றாக நூறு பூட்டு. லாரி வாசலில் நிற்கிறது. நாலாவதாகப் பிரித்த பெட்டியில் சாவி திரும்பவில்லை. கட்டியது அவருடைய அக்கா ரோசலின். புருஷனைப் பறிகொடுத்து, தங்கையின் சிபாரிசில் வேலைக்கு வந்து எட்டு நாள்தான். ஒரு தப்பு வந்தாலும் நிறுத்திவிடுவேன் என்று சொல்லித்தான் பாய் சேர்த்திருந்தார். புது லேபிளில் எண்ணெய்க் கறை படக் கூடாதென்று சாவிகளைத் தனியே கழற்றித் துடைத்திருக்கிறாள், பாவம். திரும்பப் போடும்போது மாறிவிட்டது.

அந்த ஒரு பெட்டியை மட்டும் ஓரங்கட்டியிருந்தால் பாய்க்குத் தெரிந்திருக்காது. நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் இதன் சாவி வேறொரு பெட்டிக்குள் அல்லவா போயிருக்கும்?

"இது எங்கக்கா கட்டுனது பாய். அம்புட்டையும் பிரிக்கணும்."

லாரிக்காரரைச் செத்த நேரம் பொறுக்கச் சொன்னார் பாய். ரோசலினை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். இஞ்ஞாசியம்மாள் நிமிரவே இல்லை, ஒவ்வொன்றாகப் பிரித்தார். அறுபத்து மூன்றாவது பெட்டியில் அந்தச் சாவி அகப்பட்டது. சாவிகளை மாற்றிப் போட்டதும் இரண்டு பூட்டும் திறந்தன. அதான் கிடைத்துவிட்டதே, ஏற்றுங்கள் என்றார் பாய்.

இஞ்ஞாசியம்மாள் அறுபத்து நான்காவது பெட்டியை இழுத்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது, அவிழவில்லை.

தூக்குச்சட்டியோடு கிளம்பி நின்ற ரோசலின், அதைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த முடிச்சை அவிழ்த்து, பெட்டியைத் தங்கை பக்கம் தள்ளினாள்.