ஸ்மார்ட் போர்டின் வலப்பக்க மூலை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்ட் வந்த வருசம் நான் ஆறாம் வகுப்பு. அந்த வருசம் சின்னம்மாவின் மகளை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

அதற்கு முன்பும் பெரிதாகப் பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். அம்மாவும் சின்னம்மாவும் சீதனமாகப் பெற்ற ஒரே வளவில் எங்கள் இரண்டு வீடும் இருந்தன. கிணறு ஒன்று, வாசல் படலை ஒன்று, வகுப்பும் ஒன்று. அவள் என்னைவிட மூன்று மாதம் இளையவள், அதனால் எனக்குத் தங்கச்சி. வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "சின்னவள் நல்ல வடிவு" என்பார்கள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்களாக என் பக்கம் திரும்பி, "இவள் நல்லாப் படிப்பாள்" என்பார்கள். ஆறுதல் பரிசு என்றால் என்னவென்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும்.

போர்டை வாங்கித் தந்தவர் சுவிஸில் இருந்த பழைய மாணவர் ஒருவர். எங்கள் ஊர் மண்டூருக்கும் அப்பால், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறது. அங்கே இப்படி ஒரு பொருளை யாரும் கண்டதில்லை. திறப்பு விழாவுக்கு அவரே வாவி கடந்து வருகிறார் என்றதும் பள்ளி அதிபர் தலைகால் புரியாமல் ஓடித் திரிந்தார். விருந்தினர்களுக்கு முன்னால் போர்டில் முதல் வரியை ஒரு பிள்ளைதான் எழுத வேண்டும் என்று முடிவானது. வகுப்பில் முதலாம் பிள்ளை நான். எனவே அந்தப் பிள்ளையும் நான்தான் என்று அம்மாவிடம் சொல்லி, புதுச் சப்பாத்தும் கேட்டு வாங்கிவிட்டேன்.

கணினி படிப்பிக்கிற சேர் தங்கச்சியைத் தெரிவு செய்தார்.

"எழுத்து வடிவா இரிக்கணும். உன்ட எழுத்து கோழி கிளறின மாதிரி" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நிற்கிற வேலை கிடைத்தது. கணக்கில் தொண்ணூற்றெட்டு எடுத்தவள் சந்தனக் கிண்ணம் தூக்க வேண்டும், அறுபது எடுத்தவள் போர்டில் எழுத வேண்டும். இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஒரு கிழமையாகப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு தங்கச்சிக்குப் பழக்கினார்கள். அவளைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்று அம்மாவின் கட்டளை. யன்னலுக்கு வெளியே இரண்டு புத்தகப் பைகளையும் சுமந்துகொண்டு நின்றேன். உள்ளே அவள் பேனாவால் போர்டில் ஓர் இடத்தில் தொட்டால் நீலம், இன்னோர் இடத்தில் தொட்டால் ஊதா. "எங்கள் பள்ளிக்கு வந்த விருந்தினர்களை வரவேற்கிறோம்" என்று மணி மணியாக எழுதினாள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் அவள் யன்னலடிக்கு வந்து, "அக்கா, சேரிட்டக் கேட்டுட்டன். நீயும் ஒருக்கா எழுதிப் பாரு" என்றாள். "எனக்கு வேணாம்" என்றேன். பிச்சை போடுகிறாள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் அவள் பார்க்காதபோது காற்றில் அதே வரியை விரலால் எழுதிக்கொண்டு போனேன்.

விழாவுக்கு முதல் நாள் சேர் வகுப்புக்கே போர்டைப் பற்றி விளங்கப்படுத்தினார். "சுத்தி இரிக்கிற சட்டத்துக்குள்ளால கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடுது. நாம கை வச்சா அது மறிபடும். அதாலதான் கை எங்க இரிக்கெண்டு போர்டுக்குத் தெரியுது. சட்டத்துக்குள்ள ஊத்தை பட்டாலும் கை எண்டு நினைச்சிரும். ஆரும் அதுக்குள்ள விரல் வைக்காதீங்க." முழு வகுப்பிலும் இதைக் கொப்பியில் எழுதிக்கொண்டவள் நான் ஒருத்திதான். நல்லாப் படிக்கிற பிள்ளை அல்லவா.

விழாவன்று போர்டுக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். புது மோட்டார் சைக்கிளுக்கு வைப்பதுபோல நாலு மூலையிலும் பொட்டு வைக்க வேண்டும் என்று அதிபர் ஒற்றைக் காலில் நின்றார். சேர் பதறிப்போய், சட்டத்தின் மேல் விளிம்பில் வெளிப்பக்கமாக ஒன்று மட்டும் வைக்க விட்டார். வாசலில் பாண்ட் வாத்தியச் சத்தம் கேட்டதும் எல்லோரும் மாலைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வகுப்பறையில் நானும் கிண்ணமும் போர்டும் மட்டும் நின்றோம்.

யோசிக்கவே இல்லை. விரலில் சந்தனத்தை எடுத்துக் கீழே வலப்பக்க மூலையில், சட்டத்தின் உட்பக்கமாக, நன்றாக அப்பிவிட்டேன். நிமிர்ந்தபோது சேர் ஏதோ வயரைத் தேடிப் பின்கதவால் வந்துகொண்டிருந்தார். "இஞ்ச என்ன புள்ள செய்றாய்? வாசலுக்குப் போ" என்றார். போனேன்.

விருந்தினர்கள் உள்ளே வந்து அமர்ந்ததும் தங்கச்சி பேனாவை எடுத்து முதல் எழுத்தைத் தொடங்கினாள். கோடு நேராகக் கீழே வலப்பக்க மூலைக்கு ஓடியது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள், மறுபடியும் ஓடியது. சேர் போர்டை நிறுத்திப் போட்டுப் பார்த்தார். சுவிஸ்காரர், "எங்கட ஊர் வெயில் இதுக்கு ஒத்துக்கொள்ளல்ல போல" என்று பகிடி விட, சபை முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் சின்னம்மா சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அப்படி ஒரு குளிர்ச்சி அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததில்லை.

தங்கச்சியின் கண் நிரம்பிவிட்டது. அழப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவளோ கோடு ஓடிய மூலையையே பார்த்தாள். குந்தி இருந்து, விரலை உள்ளே விட்டு வழித்தாள். விரலைத் தன் வெள்ளைச் சட்டையின் இடுப்பில் துடைத்தாள். எழும்பி எழுதினாள். ஓர் எழுத்துக்கூட வளையவில்லை.

கைதட்டல் ஓய நேரம் எடுத்தது. "சேருக்கே பிடிபடாததைப் புள்ள பிடிச்சிட்டாள்" என்று சுவிஸ்காரர் மைக்கில் சொல்லி, தன் கழுத்து மாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டார். அது நான் வைத்த வினை. என்னால்தான் அவளுக்கு மாலை விழுந்தது. இதைவிட ஒரு வயிற்றெரிச்சல் இருக்க முடியுமா?

சந்தனம் எப்படி அங்கே போனது என்று சேர் கேட்டார். "பூசைக்குள்ள தெறிச்சிரிக்கும் சேர்" என்றாள் தங்கச்சி.

வீட்டுக்கு வந்ததும் சட்டையில் கறை என்று சின்னம்மா அவளை ஏசினார். கிணற்றடியில் அவள் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கால் கழுவப் போனேன். "அக்கா, கைக்குச் சவுக்காரம் வேணுமா?" என்றாள். "எனக்கென்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெருமையடிக்கிறாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை சேர் என்னைக் கூப்பிட்டார். மெல்லிய துணி ஒன்றும் சின்னத் தூரிகை ஒன்றும் கையில் தந்தார். "இண்டைக்கிருந்து போர்டுக்குப் பொறுப்பு நீதான். ஒவ்வொரு நாளும் எல்லாருக்கும் முதல் வந்து சட்டத்தத் துடைக்கணும். கீழ வலப்பக்க மூலைய முதல் துடை. மறந்திராத."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாலை வாங்கியவளை விட்டுவிட்டு என்னை அல்லவா கூப்பிட்டிருக்கிறார். அன்று பின்னேரம் அவளைத் தேடிப் போய்ச் சொன்னேன்: "கண்டுபிடிச்சது நீதான். ஆனா சேர் நம்பித் தந்தது என்னட்டத்தான்." மூலையை முதலில் துடைக்கச் சொன்னதையும் விடாமல் சொன்னேன்.

தங்கச்சி என் விரலைப் பார்த்தாள். "ஓம் அக்கா. நல்லாத் துடை" என்றாள்.

நல்லாத்தான் துடைத்தேன். அந்த வருசம் முழுக்க, மழை நாளிலும் தவறாமல், புதுச் சப்பாத்தோடு முதல் ஆளாகப் போய்க் கீழே வலப்பக்க மூலையில் தொடங்கினேன். மூலைகள் நாலு இருக்க, ஏன் அந்த ஒன்றை மட்டும் சொன்னார் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. இந்த வேலை தங்கச்சிக்குக் கிடைக்கவில்லையே என்ற சந்தோசத்தில், அதற்கு எனக்கு நேரமிருக்கவில்லை.